அம்மியனுக்குப் பலம் கூடத்தான்

மச்சான்,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். உன்னிச்சைக் குளம் நிரம்பி வான் பாயும் என்று மூன்று நாளைக்கு முன்பே சொன்ன வாய் இது. அந்த வாய்தான் உன் சலூன் கதிரையில், கழுத்தில் வெள்ளைத் துணியும் கன்னத்தில் பாதி வழித்த தாடியுமாக இருந்துகொண்டு சொன்னது: "எழுதி வை மச்சான், உன்ட அம்மியனுக்குப் பலம் கூட, அளவுக்கு மிஞ்சிட்டு. ஒரு நாளைக்கு அந்த விளையாட்டைச் செஞ்சவனே வந்து அதிட பல்லைப் புடுங்குவான்."

பிடுங்கிவிட்டான்.

நேற்றுக் காலை அதே கதிரையில்தான் இருந்தேன். இப்போது சலூனை உன் தம்பி பார்க்கிறான். முடிவெட்டி முடித்துப் பிடரியில் பவுடர் போட்டான். நீ வாங்கும் அதே பவுடர். அந்த மணம் மூக்கில் ஏறிய நேரம் போன் அதிர்ந்தது. விளையாட்டைப் புதுப்பிக்கச் சொல்லி அறிவித்தல். அதில் நம்முடைய அம்மியனின் படம், பக்கத்தில் கீழ் நோக்கிய சிவப்பு அம்பு. தேற்றாத்தீவில் என்னைப் போல் இங்கிலீஷ் வாசிக்க ஆளில்லை என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு உறுதிக்காக உன் தம்பியிடம் காட்டினேன்.

"பலத்தைக் குறைச்சிட்டாங்களாம்" என்றான். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தான். "அண்ணன் இருந்தா இண்டைக்குக் கடை பூட்டுத்தான், என்ன?"

ஓம். பூட்டுத்தான். பூட்டிவிட்டு என் ஓட்டோவில் ஏறி, ஊரெல்லாம் நியாயம் கேட்கப் போயிருப்பாய்.

இந்த விளையாட்டை நம் இருவரில் யார் முதலில் கண்டுபிடித்தது என்பதில் இன்றும் வழக்கு உண்டு. நான்தான். மாரி மழை விடாமல் பெய்த மாதம், தலைமுடி வெட்ட ஒருவரும் வரவில்லை, ஓட்டோவில் ஏறவும் ஒருவரும் இல்லை. ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் உன் கடை வாங்குப் பலகையில் குந்தியிருந்து மிருகங்களை மோதவிட்டோம். ஆளுக்கு மூன்று மிருகம். மாறி மாறி அடிக்க வேண்டும். யாருடைய மூன்றும் முதலில் விழுகிறதோ அவன் தோற்றான். அவற்றின் இங்கிலீஷ் பெயர்கள் நம் நாக்கில் ஏறவில்லை என்று நாமே பெயர் வைத்தோம். வாயைப் பிளந்துகொண்டு வரும் என் மீனுக்குக் கொடுவா. தோளை ஆட்டுகிறவனுக்குச் சண்டியன். உன் கையில் வந்து சேர்ந்ததோ, அம்மிக்கல்லுக்குக் கால் முளைத்தது போல ஒன்று. "அம்மியன்" என்றேன். கோபப்படுவாய் என்று நினைத்தேன். நீ அதையே பெயராக்கி அதன் தலைக்கு மேல் எழுதியும் வைத்தாய்.

அழகில்லை. ஓட்டமில்லை. ஆனால் அடிக்க அடிக்க அதன் தோல் தடிக்கும். பிறகு படுத்து ஒரு உறக்கம் போடும், பட்ட காயமெல்லாம் ஆறிவிடும். எழும்பி வந்து ஒரே இடி. என் கொடுவா எத்தனை தரம் அந்த இடியில் வயிறு மேலே தெரிய மிதந்தது என்று நான் எண்ணவில்லை. நீ எண்ணினாய். சுவர்க் கலண்டரில் கோடு கோடாகப் போட்டு வைத்தாய், வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கட்டும் என்று.

பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் உன் கடையில் நம் கூட்டம் கூடிப் போட்டி வைக்கும் வழக்கமும் என் யோசனையில் வந்ததுதான். ஏழு பேர் சேர்ந்தோம். நடுவர், வான் வண்டியில் புடவை கொண்டுவந்து விற்கும் காத்தான்குடி நானா. ஒரு போயாவில் மூன்று பேரை அம்மியன் ஒருவனாகவே விழுத்தியபோது எழும்பி நின்றேன். அம்மியனைப் போட்டியிலிருந்து விலக்க வேண்டும் என்று நான் அன்றைக்குப் பேசிய பேச்சு உனக்கு மறந்திருக்காது. ஒரு மணித்தியாலம் பேசினேன். கல்முனை பஸ்ஸை நிறுத்தி ஆட்கள் இறங்கி வந்து கேட்டார்கள். வெளிநாட்டுப் போட்டிகளில் இதைத் தொடவே விடுவதில்லை என்றேன். எந்த நாடு என்று நானா கேட்டார். பெரிய நாடு என்றேன்.

நீ கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டபடி நின்றாய். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாய்.

"மச்சான், கொம்புமுறிக்குப் போற நீதானே? உங்கட தென்சேரிக் கொம்பு முறிஞ்ச வருசம் என்ன செஞ்சீங்க?"

சடங்குக் காலத்தில் இரண்டு வளைந்த கொம்புகளை ஒன்றுக்குள் ஒன்று கொழுவி, வடமிட்டு, வடசேரி ஒரு பக்கமும் தென்சேரி மறுபக்கமுமாக இழுப்பார்கள். முறிந்த கொம்பின் பக்கம் தோல்வி. நீ வடசேரி. நான் தென்சேரி. அந்த வருடம் நீங்கள் எங்கள் தெருவழியே ஆடிப் பாடிக்கொண்டு போனது இன்னும் என் காதில் இருக்கிறது.

"என்ன செய்ய? அடுத்த முறைக்கு நல்ல மரம் தேடிக் காட்டுக்குப் போனம்" என்றேன்.

"ம். காட்டுக்குத்தானே போனீங்க. எங்கட கொம்பை வாளால அரிஞ்சுபோட்டு வாங்கடா எண்டு நீங்க கேக்கல்லையே."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. ஆனால் நான் யார்! "அது காட்டு மரம் மச்சான். ரெண்டு சேரியும் ஒரே காட்டிலதான் தேடும். இது அதிர்ஷ்டத்தில வந்தது. எங்களுக்கு அப்பிடி ஒண்டு வரவே இல்லையே!"

அதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், இருந்தது. நானாவும் தாடியைத் தடவினார். "தம்பி சொல்றதும் சரி. ஒரே ஆள் வெண்டுக்கிட்டே இருந்தா மத்தவங்க ஏன் வாறது? நம்மட போயாவுக்கு மட்டும் அத ஒதுக்கி வெப்பம்." கை உயர்த்தச் சொன்னார். உன் பக்கம் உயர்ந்தது இரண்டு கை. அதில் ஒன்று உன்னுடையது.

நீ சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, மறுகா என்ன, ஆடுவம்" என்று வேறு மிருகங்களைக் கொண்டுவந்தாய். தோற்றாய். மரியாதையாகத் தோற்றாய். கலண்டரில் கோடு போடுவதையும் விட்டாய். அம்மியனைக் காவல் படையில் நிறுத்தினாய். நாம் போனைத் திறக்காவிட்டாலும் அந்தப் படை அங்கேயே நிற்கும், யாரும் வந்து மோதலாம். "இவன் சும்மா நிக்கட்டும், வாறவனைப் பாத்துக்கொள்ளட்டும்" என்றாய்.

ஆறு போயா கழிந்தது. உனக்கு நெஞ்சு நோ வந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு என் ஓட்டோவில்தான் கொண்டுபோனேன். கல்லடிப் பாலத்தில் நான் ஓடிய ஓட்டத்தில் அம்புலன்ஸ் ஒன்று எனக்கு வழிவிட்டது. அங்கே வார்டில், மூன்றாம் நாள் பின்னேரம், என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்ன கடைசிச் சொல்லை ஊரே அறியும்: "ஓம் மச்சான், நீ சொன்னதுதான் சரி. அம்மியனுக்குப் பலம் கூடத்தான்." நீ போய்ச் சேர்ந்த முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுப் பந்தியில் அதை நான் எழும்பி நின்று சொன்னேன். நானா கண்ணைத் துடைத்தார். என் தங்கச்சி மட்டும், உன் பெண்சாதி, கையில் அகப்பையோடு என்னைக் கிறுகித் திரும்பிப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

அதன் பிறகு நான் செய்வது உனக்குத் தெரியாது. நாளுக்கு ஒரு தரம் உன் காவல் படையோடு மோதுவேன். ஓட்டோவை ஆல மரத்தடியில் நிறுத்திவிட்டு, காலைச் சவாரிக்கும் மத்தியானச் சவாரிக்கும் இடையில். என் ஓட்டோவில் இரண்டு சார்ஜர், ஒரு பவர் பேங்க். களுவாஞ்சிக்குடிக்கும் கல்லடிக்கும் இடையில் இப்படி ஒரு ஓட்டோ கிடையாது. மோதுவேன், தோற்பேன். அம்மியன் படுப்பான், உறங்குவான், எழும்புவான், இடிப்பான். தோற்றதும் உன் பெயர் திரையில் வரும், பக்கத்தில் நீ தெரிந்தெடுத்த அந்தச் சிரிக்கிற முகம். அதைப் பார்த்துவிட்டு அடுத்த சவாரிக்குப் போவேன். ஒரு நாளும் வென்றதில்லை. வெல்ல ஆசையில்லை என்று சொன்னால் பொய். ஆனால் தோற்ற நாளெல்லாம் நீ எங்கோ இருந்து கோடு போடுகிறாய் என்று ஒரு நினைப்பு.

நேற்றைய அறிவித்தலுக்கு வருகிறேன். புதுப்பிக்காவிட்டால் விளையாட்டுத் திறக்காது. சலூனிலிருந்து வந்து ஆல மரத்தடியில் கன நேரம் அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானாவின் அழைப்பு வந்தது. "தம்பி, ஒங்கட கட்சி வெண்டுட்டு! சொன்ன மாதிரியே நடந்திட்டு பாருங்க!" ஓம் நானா, நான் அப்பவே சொன்னன் என்று நானும் சிரித்தேன். பிறகு அந்தப் பொத்தானை அமத்தினேன்.

உன் படை நின்றது. அம்மியன் முன்னால். கொடுவாவை விட்டேன். முதல் அடி. தோல் முன்னைப் போல் தடிக்கவில்லை. இரண்டாம் அடி. படுத்தான். உறங்கி எழும்பினான், காயம் பாதிதான் ஆறியிருந்தது. நான்காவது அடியில் கால்களை மடக்கிக்கொண்டு விழுந்தான். வெறும் அம்மிக்கல்லாக. மற்ற இரண்டும் அவனுக்குப் பின்னால் விழுந்தன. திரையெல்லாம் பட்டாசு.

சந்தைக்குப் போக ஏறியிருந்த அம்மா ஒருவர் பின்னாலிருந்து, "என்ன தம்பி, சுகமில்லையா? போகல்லையா?" என்று கேட்டார். கண்ணில தூசி அம்மா என்றேன். மழை பெய்து ஓய்ந்த தெருவில் எங்கே தூசி.

வாளால் அரிந்த கொம்பை இழுத்து முறித்திருக்கிறேன், மச்சான். அதற்குத் தெருவழியே ஆடிக்கொண்டு போக முடியுமா?

இத்தனை எழுதிய பிறகு ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். கல்முனை பஸ் நிற்கட்டும், அம்புலன்ஸ் வழிவிடட்டும், அவற்றால் ஒருவருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்தக் கடைசிச் சொல் நான் கட்டியது. அம்மியனுக்குப் பலம் கூட என்று நீ ஒருபோதும் சொன்னதில்லை. அன்று பின்னேரம் கட்டிலில் சாய்ந்திருந்து நீ கேட்டது இதுதான்: "மச்சான், போனை எடு. அம்மியனோட ஒரு ஆட்டம் ஆடுவம். இண்டைக்குப் போயா இல்லத்தானே, சட்டம் இல்ல." நான் சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, "சார்ஜ் இல்ல மச்சான், நாளைக்கு ஆடுவம்" என்றேன். தங்கச்சி பக்கத்தில்தான் நின்றாள்.

போனில் சார்ஜ் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவனிடமும் தோற்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் அந்த இரண்டு சார்ஜர்.