அந்நியமாய்ப் பேசாதே என்றவனுக்கு

சிங்கப்பூர் தோ பாயோவில் எங்களுக்குக் கிடைத்த புது வீட்டில் பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. இன்று காலை, குடிவந்த நாள் முதலே எங்களோடு ஒட்டிக்கொண்ட அடுத்த வீட்டு அம்மாள் ஒரு தட்டில் வடையோடு வந்து வாசலிலேயே நின்றார். "அந்நியமா நிக்காதீங்க லா, உள்ள வாங்க" என்றாள் என் மனைவி. அந்தச் சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், போன வருஷம் போய்ச் சேர்ந்த நீ, பெயிண்ட் வாடையைத் தள்ளிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாய்.

அந்நியம் என்றால் உறவில்லாதது, பழகாதது என்று எழுதிவிட்டு அகராதிக்காரர்கள் தூங்கப் போய்விடுகிறார்கள். நம் தேக்கா கடைத்தெருவில் முன்பின் தெரியாதவனிடம் யாராவது அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? நெருங்கியவன் ஓரடி தள்ளி நின்றால்தான் அது வாயில் வரும். உலகமே வியக்க வேண்டிய இந்த ஆராய்ச்சியை எனக்குப் புரியவைத்தவன் நீ. அதுவும் என் கல்யாணம் கவிழ இருந்த நேரத்தில்.

ஐம்பதுகளில் சிராங்கூன் ரோட்டுக் கடைமாடி அறையில் நாம் ஆயிரத்தெண்ணூறு பேர் கிடந்தோம். பதினான்கு என்று நீ திருத்துவாய். குறட்டையை வைத்துப் பார்த்தால் நான் சொல்வதே சரி. அறைக்கு ஒரே சட்டம்தான்: குடித்தவன் டம்ளரைக் கழுவ வேண்டும்.

பெண் பார்க்கப் போக எனக்கு இந்த ஊரில் சொந்தம் இல்லை. அப்படிப்பட்டவனுக்கு அறைக்காரன் ஒருவன் சொந்தமாகப் போவது அந்நாள் வழக்கம். என்னைவிட இரண்டே வயது மூத்த நீ, மீசையில் சாம்பலைத் தடவிக்கொண்டு சித்தப்பாவாகப் புறப்பட்டாய்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பெண் வந்தாள்; தேத்தண்ணி கொடுத்தாள்; எனக்கு உலகம் மறந்தது. ஆனால் சட்டம் மறக்கவில்லை. குடித்து முடித்ததும் எழுந்தேன், நேரே பின்கட்டுக் குழாயடிக்குப் போனேன், டம்ளரைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினேன். கூடத்தில் எல்லோரும் சிலையாகியிருந்தார்கள். பெண்ணின் அப்பா முகம் கறுத்து, "என்ன தம்பி, எங்க வீட்ட இவ்வளவு அந்நியமா நினைச்சிட்டீங்க?" என்றார்.

அந்தப் பெண் இல்லையென்றால் அடுத்த கப்பலில் ஏறிவிடுவது என்று தீர்மானித்தேன். நீயோ நிதானமாக மீசையைத் தடவினாய்.

"அந்நியன் குடிச்சிட்டு அப்படியே வச்சிட்டுப் போயிருப்பான். கழுவி வைக்கிறவன் வீட்டு ஆளுதாங்க" என்றாய்.

உள்ளிருந்து பெண்ணின் குரல் கேட்டது. "நல்லாத்தான்பா கழுவியிருக்காங்க."

அப்பா சிரித்துவிட்டார். அடுத்த மாதமே கல்யாணம்.

அன்று திரும்பும் வழியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி என்று தொடங்கினேன். "அந்நியமாப் பேசினன்னு வையி மாப்ள, இப்பவே திரும்பிப் போயி நான் இவனுக்குச் சித்தப்பா இல்லன்னு சொல்லிடுவேன்" என்றாய். நீ செய்யக்கூடியவன். வாயை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அன்று பாதியில் நின்ற நன்றி மறுபடி நாக்குவரை வந்தது. நீ முறைத்தாய். விழுங்கிவிட்டேன். இப்போது அது என் தொண்டையில் புக்கிட் தீமா மலையளவு வளர்ந்து நிற்கிறது. பயப்படாதே, இந்த மடலிலும் சொல்லமாட்டேன்.