காலையில் பொரித்த கோழி

ஜூலை 22, செவ்வாய்

ஆடிக் காற்று. கடை வாசல் முழுக்கப் புழுதி. நூடுல்ஸ் சட்டியை ஈரத்துணி போட்டு மூடினேன். கோஸ் நறுக்கி விரலெல்லாம் எரிச்சல்.

காலையிலேயே மொத்தக் கோழியையும் அரைவேக்காடாகப் பொரித்துத் தட்டில் குவித்தாயிற்று. என் வீட்டுக்காரர் உத்தரவு. ஆர்டர் வந்தால் மறுபடி எண்ணெயில் ஒரு முக்கு, மேலே சிவப்புச் சாஸ், பார்சல். மில் பஸ்ஸில் வந்து இறங்குபவர்கள் செத்த நேரம்கூட நிற்க மாட்டார்களாம். போன் ஆர்டர் தாமதமானால் ஆப்பில் கடைக்கு ஸ்டார் குறையுமாம்.

சாயங்காலம் தட்டை முகர்ந்தேன். புளித்த வாடை. கொட்டிவிடலாமா என்றேன். மிளகாய்த்தூள் கூடப் போட்டால் தெரியாது என்றார் சமையல் மாஸ்டர். இவரும் தலையாட்டினார். சீ.

ஜூலை 23, புதன்

கரண்ட் இல்லை. பிரிட்ஜுக்குள் தண்ணீர். சோப்பு வாங்க வேண்டும், கையில் எண்ணெய் நாற்றம் போகவே இல்லை.

நேற்றைய மிச்சம் இன்றைய கோழியோடு கலந்தாயிற்று. எது எதென்று இனி மாஸ்டருக்கே தெரியாது. குஜிலியம்பாறை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண் தன் மகளுக்கு அதைப் பிய்த்து, ஊதி ஊதி ஊட்டினாள். எழுந்து போய்த் தடுக்கப் பார்த்தேன். இவர் குறுக்கே வந்து, "யாவாரத்தைக் கெடுத்துராத" என்றார், மெதுவாக. பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

ஜூலை 24, வியாழன்

வீட்டில் கறி எடுக்கவில்லை. சோறு, ரசம். தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்குக் கடைத் தட்டிலிருந்தே கோழி கொண்டுவந்து வைத்தேன். இவர் ஒரு துண்டை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். கை அப்படியே நின்றது.

"இது எப்பப் பொரிச்சது?"

"கடைக்கு வர்றவங்க யாரும் இதக் கேக்கலையேங்க."

தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவினார். ரசம்கூட ஊற்றிக்கொள்ளவில்லை.

கடைக்குப் போனதும் தட்டோடு தூக்கிக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார். மசாலா தடவிப் பிரிட்ஜில் வை, கேட்ட பிறகு பொரி, சோறும் கொஞ்சம் கொஞ்சமாக வடி என்று மாஸ்டரிடம் சொன்னார். மாஸ்டர் முணுமுணுத்தார். இரண்டு நாளாக எத்தனை வயிற்றுக்குள் போயிருக்கும் அது.

ஜூலை 25, வெள்ளி

ஜும்மா தொழுகை முடிந்து கடை திறந்தோம். கேட்ட பிறகே கோழி பொரிக்கப்படும் என்று அட்டையில் எழுதி மாட்டினார்.

மில் பஸ் வந்தது. நாலைந்து பேர் அட்டையைப் படித்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். அங்கே பொரித்த கோழிக் குவியல் இங்கிருந்தே தெரிகிறது, ஈ மொய்க்க. சிரித்துப் பேசிக்கொண்டே தின்கிறார்கள். ஒரே ஓர் ஆள் இங்கே காத்திருந்தார். சுடச்சுடக் கொண்டுபோய் வைத்தேன். "இம்புட்டு நேரமா?" என்றார். போனைப் பார்த்தபடியே தின்று முடித்தார்.

அடுத்த பஸ் வருவதற்குள் மீதிக் கோழியைப் பொரித்துப் போட்டுவிடலாமா என்று மாஸ்டர் கேட்டார். இவர் எதிர்க் கடைக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் திரும்பினார்.

"வேணாம். கேட்டாப் பொரி."