கப்பலுக்கு வீசிய துண்டு

மட்டாஞ்சேரி

அன்புள்ள வடகாசிக்கு,

உன் மூட்டுவலி தேவலையா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். இனி எழுதப்போவதை உலகத்தில் யாரும் நம்பமாட்டார்கள். சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

நேற்று உல்லாசக் கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்காரம்மா என் ஆட்டோவில் ஏறி, வழிநெடுகக் கப்பல்காரர்களைத் திட்டினாள். சூப் ஆறிப்போய் வருகிறதாம். மேல்தளத்து நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடித்தால், அரை மணிக்குள் ஆள் வராவிட்டால் எடுத்துவிடுவார்களாம். தென்காசி பஸ்ஸில் ஜன்னல் வழியே நாம் போடுகிறோமே, அதே துண்டுதான்.

பாலத்தில் லாரி நின்று வழி அடைத்துவிட்டது. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காதாம். அங்கே புருஷன் அவளுக்கு இடம் பிடித்து வைத்துத் தனியாக உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி அழுதாள்.

ஆட்டோவை லாரிக்கு மேலே பறக்கவிட்டேன். துறைமுகக் காவலாளி, "சேட்டா, இனி ஓடிட்டு காரியமில்ல" என்றான். நங்கூரம் தூக்கியாயிற்று, ஓடிப் பயனில்லையாம். தோள் துண்டைச் சுழற்றிக் கப்பல்மேல் வீசினேன். கேப்டன் சல்யூட் அடித்து நங்கூரத்தை மறுபடி இறக்கினார்.

இந்த மாதமும் ஊருக்கு வர ஆட்டோ முதலாளி லீவு தரவில்லை. கெஞ்சிக் கேட்கிறேன் வடகாசி, கொடியில் கிடக்கும் என் பழைய துண்டைக் கட்டிலில் என் பக்கம் போட்டு வை. யார் கேட்டாலும் எடுத்துவிடாதே. கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் அனுப்பு.

சவாரி கூப்பிடுகிறது. பறந்தது, சல்யூட், நங்கூரம் எல்லாம் புளுகு. இறங்கும்போது, "உனக்கு ஊரில் இடம் பிடித்து வைத்திருப்பது யார்?" என்று அவள் கேட்டது மட்டும் நிஜம். பதிலுக்கு ஹாரனை அடித்தேன்.

உன்,
ஆவுடையப்பன்