அம்மாவின் கார்டில் என் விரல்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதத்தான் ஆசை. அம்மா தூங்கிவிட்டாள். குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அரிசி அட்டை, மருந்து அட்டை, உதவித்தொகைப் புத்தகம் மூன்றையும் வாங்கிக்கொண்டு அம்மாவுக்கு ஒரே கார்டு கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தேனே. அதில் ஒன்றை மறைத்துவிட்டேன். கைரேகை எடுக்க வந்தவரின் இயந்திரத்தில் அம்மாவின் கை நடுக்கத்தால் எதுவும் பதியவில்லை. நான் மணிக்கட்டைப் பிடித்தும் பயனில்லை. அம்மா சோர்ந்து கண்ணை மூடியதும் அவர் மெதுவாக, "உன் விரல வை பாப்பா. கடைக்குப் போறது நீதானே? எனக்கு இன்னும் பதினோரு வீடு பாக்கி" என்றார். வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து அந்த இயந்திரத்துக்கு நான்தான் அம்மா. கடைக்காரர்கூட, நாற்பத்தாறு வயது அம்மா வந்தாச்சு, வழி விடுங்கள் என்று கிண்டல் செய்வார்.

வரும் பன்னிரண்டாம் தேதி பள்ளியில் எல்லோருடைய ரேகையையும் எடுக்கிறார்கள். ஒரே விரல் இரண்டு பெயரில் வந்தால் இரண்டுமே முடங்கும், விசாரணை வரும் என்று டீச்சர் சொன்னார். கார்டு முடங்கினால் அம்மாவின் இன்சுலின் நின்றுவிடும். என்னைப் பிடித்துக்கொண்டு போவார்களா அக்கா? உடனே எழுது.

உன் தங்கை

ஜூன் 8

என் செல்லத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்ததிலிருந்து சலவைக்கூடத்தில் எந்த வேலையும் ஓடவில்லை. விடுதிக்காரர் போர்வையில் இஸ்திரியை வைத்துத் தீய்த்துவிட்டு, திட்டும் வாங்கிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் தேதி காய்ச்சல் என்று படுத்துக்கொள். மறுபடி கூப்பிட்டால் பள்ளியை விட்டு நின்றுவிடு. படிப்பை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், ஊசி அப்படியா? நானும் பத்தாவதோடு நின்றவள்தான், குறைந்தா போய்விட்டேன்? அம்மாவிடம் மூச்சு விடாதே. இதைக் கிழித்துப் போட்டுவிடு.

அன்புடன்,
அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்கா,

நான் கிழிக்கவில்லை. தலையணை உறைக்குள் வைத்தேன். அன்றைக்குப் பார்த்து அம்மா உறை மாற்றினாள்.

அவள் திட்டவில்லை. ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தாள். என் விரலை வைத்ததை நானே சொல்லிவிட்டேன். பிறகு, "ஒருத்திய நிறுத்தினதுக்கே நான் இன்னும் பதில் சொல்லல" என்றாள்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனாள். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. நடந்ததையெல்லாம் அவளே சொன்னாள். அதிகாரி என்னைப் பார்த்து, இது ஏமாற்று வேலை, தெரியுமா என்றார். அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இவ என் பொண்ணு சார். நான் இல்ல. முதல்ல அத எழுதுங்க."

எழுதினார். என் ரேகையை நீக்கினார். கார்டையும் எங்கள் கண்ணெதிரே முடக்கினார். சரிபார்க்க நாற்பது நாள் ஆகுமாம். பன்னிரண்டாம் தேதி விடுபட்ட என் ரேகையைப் பள்ளியில் திங்கட்கிழமை என் பெயரிலேயே எடுக்கிறார்கள்.

கார்டு முடங்கியதை உனக்கு எழுதக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். இன்சுலின் பதினாறு நாளுக்குத்தான் இருக்கிறது. பதில் எழுத வேண்டாம் அக்கா. புறப்பட்டு வா.

உன் தங்கை