பாதியில் பொழிந்த பூமழை

இன்று காலைப் பூசை முடிந்து மேசையைத் துடைக்கும்போது அந்த ஹெட்போனைக் கையில் எடுத்தேன். நீ கனடாவிலிருந்து பொதியில் அனுப்பியது. சாவகச்சேரியின் வெக்கைக்கு அதன் காதுமெத்தை உரிந்து, கறுப்புத் தோல் செதில் செதிலாக விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். திருநீறும் சந்தனமும் மணத்தன. இத்தனை மாலைகளில் என் நெற்றியிலிருந்து உதிர்ந்ததெல்லாம் அந்தப் பஞ்சுக்குள் சேர்ந்திருக்கிறது. துணியைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். உனக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்பது பல மாதங்களாக எனக்குத் தெரிந்த காரியம். நான் உனக்குச் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி எழுதவேண்டியிருந்தமையால் கை முன்வரவில்லை.

கோயிற் கதவுகளும் அடைத்திருந்த அந்த ஊரடங்கு வருடத்தில் ஒரு நாள் நீ தொலைபேசியில் அழைத்தாய். "எடி பண்டிதை, ஒரு இடம் செய்திருக்கிறன். வந்து பார்," என்றாய். பள்ளிக்கூடத்தில் நீ எனக்கு வைத்த பட்டம் அது. நான் தமிழும் சைவமும் படிப்பித்து, நீ கணிதம் படிப்பித்து, இருவரும் ஓய்வுபெற்று, நீ கடல் கடந்து போன பின்னும் அந்தப் பட்டத்தை நீ விடவில்லை. கணினிக்குள் ஓர் உலகம் உண்டு, அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம் உண்டு, அந்த உருவத்தை நடத்திச் சென்று எந்த நாட்டில் இருப்பவரும் ஒரே குளக்கரையில் கூடலாம், மாதம் ஒரு நாள் அங்கே இசையும் விளையாட்டும் நடத்துவோம் என்று விளக்கினாய்.

"உது மாயையடி," என்றேன். "இல்லாத இடத்திலை போய் நிண்டு என்னத்தைப் பாடுறது?"

நீ வாய்விட்டுச் சிரித்தாய். "மாயை இல்லாதது எண்டு ஆரடி உனக்குப் படிப்பிச்சது? எங்கடை சித்தாந்தத்திலை மாயை உள்ள பொருள், ஆண்டவன் உயிருக்கு உடம்பும் உலகமும் செய்து குடுக்கிறதே அதிலைதான் எண்டு சோதினைக்கு முதல் நாள் எனக்குச் சொல்லித் தந்தது ஆர்?"

நான்தான்.

"தனு, கரணம், புவனம், போகம். நாலும் இருக்கு," என்று அடுக்கினாய். "உடம்பு உனக்கு ஒண்டு செய்து வைச்சிட்டன். கருவிக்குக் கொம்பியூட்டர் இருக்கு. உலகம் நான் கட்டின தீவு. போகத்துக்குப் பாட்டும் விளையாட்டும். இனி என்ன சாட்டுச் சொல்லப்போறாய்?"

சைவ சித்தாந்தத்தைக் கொண்டே சைவ ஆசிரியையை மடக்கினாள் ஒரு கணித ஆசிரியை. அன்று மாலையே கணினியைத் திறந்தேன்.

அங்கே முதன்முதல் கண் விழித்தபோது எனக்கு முன்னால் நீர் விரிந்திருந்தது. சூரியன் பாதி அமிழ்ந்து, அதற்கு மேல் இறங்காமல் நின்றது. நீரின்மேல் ஊதாவும் பொன்னும் குழைந்த ஒரு நிறம். அந்த நிறத்தை நான் அறிவேன். பதினெட்டு வயதில் நாம் சந்நிதி முருகனைக் கும்பிட்டுவிட்டு, தொண்டைமானாற்றுக் கரையில் காலை நனைத்துக்கொண்டு பேச்சற்று இருந்த மாலையின் நிறம் அது. "இந்த நிறம் வரும்வரைக்கும் மூண்டு மாசம் போட்டுப் போட்டு அழிச்சன்," என்று உன் குரல் எங்கிருந்தோ வந்தது. என் உருவம் வெண்சேலை உடுத்து, நரைத்த கொண்டையோடு நின்றது. கால் நிலத்தைத் தொட்டும் தொடாமலும் நடந்தது. கனவில் நாம் அப்படித்தான் நடக்கிறோம். மரத்தடியில் ஒரு பிள்ளையார் இருந்தார்.

"செருப்பை எங்கையடி கழட்டுறது?" என்று பதறினேன்.

"உனக்கு நான் செருப்பே போடேல்லை. பயப்பிடாதை," என்றாய். மாம்பழ நிறப் பட்டு உடுத்து, முழங்கால் வலி ஒன்றும் இல்லாதவளாய், கரையோரமாக நீ என்னை நோக்கி ஓடி வந்தாய்.

நிகழ்ச்சியை இருவரும் பங்கிட்டுக்கொண்டோம். வருவோரை வரவேற்று மேடைக்கு அழைப்பது உன் பங்கு. விளையாட்டை நடத்துவது என் பங்கு. எனக்கு அது விளக்கு வைக்கும் பொழுது, உனக்குக் காலைக் கோப்பிப் பொழுது. பாரிசிலிருந்து ஒரு பல் வைத்தியர் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து புல்லாங்குழல் வாசிப்பார். அவர் எடுத்துக்கொண்ட உருவம் நரி.

"உந்த நரி ஆரடி?" என்று முதல் நாள் உன்னிடம் மெல்லக் கேட்டேன்.

"மெல்லக் கதைச்சாலும் இஞ்சை எல்லாருக்கும் கேக்கும், பண்டிதை. அது எங்கடை பல் டொக்டர்."

"வணக்கம் ரீச்சர்," என்றது நரி.

நரியைப் பரியாக்கியவனுக்கு ஒரு வைத்தியரை நரியாக்குவது பெரிய காரியமா என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அவர் வாசிக்கத் தொடங்கியதும் நரியும் மறைந்தது, பாரிசும் மறைந்தது. இராகம் மட்டும் நீரின்மேல் தங்கி, நெடுநேரம் கலையாமல் இருந்தது. எந்த ஊரில் இருக்கிறேன் என்பதை நான் அங்கேதான் முதன்முதல் மறந்தேன்.

விளையாட்டை நீயும் நானும் சேர்ந்து வகுத்தோம். ஒருவர் ஓர் அடி கட்டிச் சொல்லவேண்டும். அதன் கடைசிச் சொல்லில் அடுத்தவர் தம் அடியைத் தொடங்கவேண்டும். தொடங்கினால் குளத்தில் ஒரு விளக்கு மிதக்கும். நேரம் தவறினால், அவர் குளத்துக்குள் ஏறி நிற்கும் கல் விலகி, ஆள் தண்ணீரில் விழுவார். ஒத்திகையில் முதலில் விழுந்தவள் நானே. அடி எனக்கு உடனே வந்துவிட்டது. தளை பிழைக்காமல் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டு நின்றதில் நேரம் போய்விட்டது. தண்ணீருக்குள் போகும்போது, சாவகச்சேரியில் கதிரையிலிருந்தபடி என் சேலைக் கரையைக் கையால் தூக்கிப் பிடித்தேன்.

"தளை பாத்துத் தண்ணியிலை விழுந்த முதல் ஆள் நீதானடி!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

பாட்டு முடிந்த பின்னும் மேடையை விட்டு இறங்காமல் "இன்னும் ஒண்டு" என்று தொடங்குபவர்களுக்காக நீ ஒரு பொத்தான் செய்து என்னிடம் தந்தாய். ஒருவர் ஓதி முடித்ததும் நான் "திருச்சிற்றம்பலம்" என்று சொல்லி அதை அழுத்துவேன். ஓதத் தொடங்குமுன்னும் முடித்த பின்னும் நாம் சொல்லும் சொல் அது. முடிவில் அதைச் சொன்ன பிறகு ஒருவரும் தொடரமாட்டார். பொத்தானை அழுத்தியவுடன் மேடையின் ஒலிவாங்கி அடங்கும், வானத்திலிருந்து பூ பொழியும். "பூவாலை மூடினால் ஆருக்கும் கோவம் வராது," என்றாய்.

பிறகு உனக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் வீழ்ந்தது. பேச்சும் போனது. எல்லாம் உனக்கு விளங்கியது, சொல் மட்டும் வாய்க்கு வர மறுத்தது. ஆயினும் மாதம் தவறாமல் குளக்கரைக்கு வந்தாய். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு இடக்கையால் நகர்த்தினாய். உன் உருவம் முன்போலவே ஓடியது. நான் தனியே வரவேற்று, தனியே விளையாட்டை நடத்தினேன். நீ மிதக்கும் விளக்குகளின் அருகே பேச்சின்றி நின்றாய்.

எட்டாம் மாதம் உன் மகள் என்னை அழைத்தாள். "அன்ரி, அம்மா பாடப்போறா எண்டு கையாலை காட்டுறா. கதைக்க ஏலாட்டிலும் பாட்டிலை சொல்லு வருது. ஆஸ்பத்திரியிலையும் அப்பிடி வரும் எண்டுதான் சொன்னவை. ஆனால் அத்தினை சனத்துக்கு முன்னாலை நடுவிலை நிண்டுபோனால் அம்மா தாங்கமாட்டா. நீங்கள்தான் பாக்கோணும்."

"நான் பாக்கிறன் பிள்ளை," என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்று நாற்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். நீ மேடைப் படிகளில் ஏறினாய். நம் பள்ளியின் காலை வழிபாட்டில் நாம் சேர்ந்து பாடிய பதிகத்தின் முதற்பாட்டை எடுத்தாய். நான்கே அடிகள். குரல் நடுங்கியது. ஒரு சொல் வழுக்கியது, நீ திரும்பிப் போய் அதைப் பிடித்துக்கொண்டு வந்தாய். முதலடி முடிந்தது. கரையில் ஓர் உருவமும் அசையவில்லை. இரண்டாமடி எழுந்து, அந்த மறையாத சூரியனை நோக்கிப் போவதுபோல் நீண்டு போயிற்று. பதினெட்டு வயதின் குரல் அதற்குள் எங்கோ இருந்தது. அதன்பின் மௌனம்.

அந்த மௌனம் எவ்வளவு நீண்டது என்று எனக்கு இன்றும் தெரியாது. மூன்று மூச்சளவு இருக்கலாம். சொல் நின்றுவிட்டது என்று எண்ணினேன். நாற்பது உருவங்களும் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றன. உன் மகளுக்குக் கொடுத்த வாக்கு நெஞ்சில் இடித்தது. "திருச்சிற்றம்பலம்" என்றேன், பொத்தானை அழுத்தினேன். எல்லோரும் அந்தச் சொல்லையே எழுதி அனுப்பினார்கள். பூ பொழிந்தது. மாம்பழப் பட்டின் மேலும் மேடைப் படிகளிலும் நீரிலும் பொழிந்துகொண்டே இருந்தது. நீ அசையாமல் நின்றாய். உன்னைக் காத்துவிட்டேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பாதியில் நின்றதைப் பற்றிப் பரிவினால் ஒருவரும் பேசவில்லை.

மறுநாள் உன் மகள் மீண்டும் அழைத்தாள். "அன்ரி, கடைசி அடியைக் கேட்டனீங்களே? அதிலை அம்மா ஒரு சொல்லும் விடேல்லை. எனக்கு அழுகை வந்திட்டுது."

எந்தக் கடைசி அடி என்று நான் கேட்குமுன் அவளே தொடர்ந்தாள்.

"ரண்டாம் அடி முடிய மூச்சு வாங்கினவ. பிறகு அப்பிடியே எடுத்தா பாருங்கோ! நான் திரையைப் பாக்கேல்லை, அம்மாவின்ரை வாயைத்தான் பாத்துக்கொண்டிருந்தன். தன்ரை குரல் பிந்தித் திரும்பி வந்து குழப்புது எண்டு ஹெட்போனையும் கழட்டி வைச்சிட்டு, கண்ணை மூடிக்கொண்டெல்லே பாடினவ. கண்ணைத் துறந்தால் முழுக்கப் பூ. எவ்வளவு நாளைக்குப் பிறகு அம்மா சிரிச்சவ தெரியுமே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் ஒலியை அடக்கிய பின்னர் நீ மற்ற இரண்டு அடிகளையும் பாடியிருக்கிறாய். அந்த அறையில் உன் மகள் கேட்டாள், ஆண்டவன் கேட்டான். குளக்கரையில் ஒருவரும் கேட்கவில்லை. பிறகு அன்றைய பதிவைப் பலமுறை போட்டுப் பார்த்தேன். இரண்டாமடிக்குப் பின் என் குரல் வருகிறது, பிறகு பூ.

"அம்மா உங்களோடை கதைக்கோணுமாம்," என்று உன் மகள் திரையை உன் பக்கம் திருப்பினாள். உதட்டின் ஒரு புறம் சரிந்த உன் முகம். எட்டு மாதமாக ஒரு கேள்வியும் வராத வாய். அதைத் திறந்து, சொல்லைத் தேடி, கண்டுபிடித்துக் கொண்டுவந்தாய்.

"கேட்… டியே?"

"ஓமடி, கேட்டனான்," என்றேன். "முழுக்கக் கேட்டனான்."

நீ இடக்கையால் கன்னத்தைத் துடைத்தாய்.

அடுத்த கூட்டத்தில் உன்னை மீண்டும் பாடச் சொல்லவேண்டும், பாடி முடித்த பிறகு உண்மையைச் சொல்லவேண்டும் என்று எண்ணியிருந்தேன். அந்தக் கூட்டம் வருமுன்னே, மூன்றாம் கிழமை வாதம் மறுபடி வந்து உன்னைக் கொண்டுபோயிற்று.

தோழீ, நான் கேட்கவில்லை. உன் மனம் நோகக்கூடாது என்பதற்காகவே அப்படிச் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய்மையைப் பற்றி முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவளுக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. என் பிழை உன் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்ற பயமும் அதில் கலந்திருந்தது. எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல, கணிதம் படித்த நீ இங்கே இல்லை. பிழையையும் பொய்யையும் சேர்த்தே பொறுத்துக்கொள்.

கூட்டம் இன்னும் நடக்கிறது. பூசையில் அந்தப் பாட்டை நாள்தோறும் ஓதுகிறேன். முதல் இரண்டு அடிகளும் உன் குரலில் காதுக்குள் வருகின்றன. மூன்றாமடிக்கு என் குரல்தான் இருக்கிறது. எந்தச் சொல்லில் நீ வழுக்கியிருப்பாய், எப்படித் திரும்பிப் போய் அதைப் பிடித்திருப்பாய், எந்த எழுத்தில் மூச்சுத் தீர்ந்திருக்கும் என்று ஒவ்வொரு நாளும் வேறுவிதமாகக் கேட்டுப் பார்க்கிறேன். நான் கேளாத அந்த இரண்டு அடிகளைத்தான் உன்னுடையவையென்று சுமந்து திரிகிறேன்.

குளக்கரையில் இப்போது ஒருவர் பாடி ஓய்ந்தால் நான் உடனே வாய் திறப்பதில்லை. போன மாதம் புல்லாங்குழல் நின்ற பின்னும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துத் தனியே வைத்துக்கொண்டிருந்தேன்.

"ரீச்சர், லைன் கட்டாகிட்டுதோ?" என்று நரி கேட்டது.

"இல்லை டொக்டர், இருக்கிறன்."

"நான் வாசிச்சு முடிச்சிட்டன்."

"ஓம், தெரியும். கொஞ்சம் பொறுங்கோ."

அதற்குமேல் ஒருவரும் கதைக்கவில்லை. விளக்குகள் நீரில் மெல்லத் திரும்பின. ஒரு மூச்சு, இரண்டு, மூன்று. அந்த மௌனத்துக்குள் உன் மூன்றாமடி தொடங்கிற்று.