விட வேண்டிய பாரை

ஆடி 3, சனி.
பெட்ரோல், மண்ணெண்ணெய் வரிசைகள் ஓய்ந்து மூன்றாம் வருஷம். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் புதுத் தகரம் போட்டதும் இந்த வருஷம்தான். காலையிலிருந்து காற்று. தகரம் படபடவென்று. மழை இல்லை. மூன்றாம் வகுப்போடு தேயிலை மலைக்கு வேலைக்குப் போனவன், எழுத்து கோணல். யார் படிக்கப் போகிறார்கள்.

சவரிமுத்து மேல் லயத்தில் படுத்தே கிடக்கிறான். கஞ்சியும் இறங்கவில்லை. இன்று போனபோது: "பாரைத் தலை இருந்தா சாப்பிடுவேன்டா ராமையா. கடல்ல புடிச்சது. டவுன் ஐஸ் மீன் வேணாம்." அவன் மகள் மேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பொட்டுவில் கடல் ஞாபகம் அவனுக்கு. தோட்டத்தில் வேலை குறைந்த காலத்தில் அங்கே இராப் படகுக்குக் கூலிக்குப் போனோம். நாலு பேர். நான், சவரிமுத்து, கருப்பையா, வீரன்.

மருமகன் ரவி எல்ல டவுனில் சுற்றுலாக்காரருக்கு வேன் ஓட்டுகிறான். திங்கள் ஒரு வெள்ளைக்காரரைப் பொட்டுவிலுக்கு இராமீன் பிடிக்கக் கூட்டிப் போகிறானாம். பெரிய பாரைதான் வேண்டுமாம்.
"நானும் வரேன் மாப்பிள்ளை."
"வந்தா பேசாம இருக்கணும் மாமா."
மகள் செல்வி: "வியாழக்கிழமை ஆடி அமாவாசை. இந்த வாரமா ஒங்களுக்கு மீன் கேக்குது?"

ஆடி 5, திங்.
பொட்டுவில். வெயில். வேனில் வந்து முதுகு போச்சு. கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. படகுக்காரத் தம்பி நிசார்: "அடங்கினாத்தான் போகலாம் ஐயா." வெள்ளைக்காரர் கொண்டுவந்தது கட்டுக் கட்டாகத் தூண்டில் கம்பு. எனக்கு ஒரு மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள், மூச்சு முட்டுகிறது. உட்காரப் படங்கை எடுத்துவந்தேன், மலை வேலைக்கு இடுப்பில் கட்டும் சாக்கு.

ஆடி 6, செவ்.
எழுதவே பிடிக்கவில்லை.
நேற்று இருட்டியதும் காற்று அடங்கியது. போனோம். வெகு நேரம் ஒன்றுமில்லை. நிசார் பொய்மீனை மாற்றி மாற்றிக் கட்டினான். "இந்த மரத்துண்டையா கடிக்கும்?" என்றேன். ரவி என் காலை மிதித்தான்.

பிறகு கடித்தது. கம்பு வளைந்து, நூல் ஓடி, வெள்ளைக்காரர் முட்டி போட்டு, ஒரே கூச்சல். கடைசியில் படகோரம் வந்தது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அளவு பாரை. நிசார் வாயைப் பிடித்து உள்ளே இழுத்தான். வாலால் பலகையை அடித்தது.

என் கை முந்திவிட்டது. அந்தக் காலத்தில் பெரிய மீன் படகுக்குள் வந்தால் எங்கள் நாலு பேர் பழக்கம் இதுதான். இடுப்புப் படங்கை அவிழ்த்து அதன் கண்ணை மூடு, உச்சியில் ஒரு போடு போடு. இல்லாவிட்டால் யாருடைய காலாவது உடையும். படங்கைப் போட்டேன். பக்கத்தில் கிடந்த கட்டையால் அடித்தேன். அடங்கிவிட்டது.

பிறகு நிசார்: "என்ன ஐயா செஞ்சீங்க! படம் எடுத்துட்டுத் திருப்பிக் கடல்ல விடுற மீன் இது!"

விடுவதா? இவ்வளவு பாடுபட்டுப் பிடித்தா? என்னிடம் யாரும் சொல்லவில்லையே.

வெள்ளைக்காரர் மீன் மேல் கை வைத்து அழுதார். அவ்வளவு பெரிய ஆள், குலுங்கிக் குலுங்கி.
ரவி: "பேசாம இருங்கன்னு சொன்னேனா இல்லையா மாமா?"
"பேசலையே மாப்பிள்ளை. அடிச்சேன்."
"இனி இந்த ஆள் என் வேன்ல ஏறுவாரா? அவரு சொல்ற இன்னொருத்தர்தான் ஏறுவாரா?"

செத்த மீன் படகுக்காரனுக்கு. அங்கே எப்போதும் அப்படித்தான். விடிந்ததும் நிசார் விற்கத் தூக்கிப் போனான். தலை என் கண் முன்னால் போகிறது. கேட்க வாய் வரவில்லை. பக்கத்தில் வெள்ளைக்காரர், கண் வீங்கி.

ஆடி 7, புத.
காற்று. நேற்று வந்த வழி முழுக்க ரவி ஒரு வார்த்தை பேசவில்லை. வெறுங்கை. மேல் லயத்துக்குப் போகவில்லை, என்ன முகத்தோடு போவது. மேரியே வந்துவிட்டாள்.
"மாமா, கெடைச்சுச்சான்னு அப்பா கேக்குறாரு."
"கெடைச்சுச்சு."
"எங்க?"
செல்விதான் அவளை மேலே கேட்கவிடாமல் அனுப்பிவைத்தாள். அப்புறம் ரவியிடம் குசுகுசுவென்று சொன்னாள், தலை யாருக்கு என்று.
வாங்க வேண்டியது: எள், வாழைக்காய், கற்பூரம், முதுகுக்குத் தைலம்.

ஆடி 8, வியா. அமாவாசை.
மூட்டம். காலையில் ஆற்றில் எள்ளும் தண்ணீரும். கூட்டம், பூசாரிக்கு அவசரம். அப்பா பேர், அம்மா பேர் சொன்னேன். கருப்பையா. வீரன். "இவங்க சொந்தமா?" என்றார். ஆமாங்க என்றேன்.

வீட்டில் ரவி இன்னும் என்னிடம் பேசவில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே செல்வியிடம்: "ஒங்கப்பாவைப் பசறை டவுனுக்குப் போகச் சொல்லு. பொட்டுவில் பஸ்ஸுல நிசார் ஒரு பொட்டி போட்டிருக்கான். நான்தான் கேட்டேன்னு சொல்ல வேணாம்."

பஸ் தாமதம். காத்து நின்று கால் கடுத்தது. கண்டக்டர்: "ஒங்களோடதா பெரியவரே? தண்ணி ஒழுகி பஸ்ஸே நாறுது!" வாங்கிக் கட்டிக்கொண்டேன். இலேசான வெள்ளை ரெஜிஃபோம் பெட்டி, ஐஸ் முக்கால்வாசி கரைந்து. உள்ளே விற்காமல் மிஞ்சிய தலை. உச்சியில் நான் அடித்த இடம்.

செல்வி வாசலிலேயே மறித்தாள். "அமாவாசை அன்னைக்கு மீனா? அப்படியே திரும்புங்க." நேரே மேரி வீடு. அவர்கள் மாதா கோயில் வேதக்காரர்கள், தடையில்லை. புளி கரைத்துக் குழம்பு. நான் விரதம். வயிறு காய்கிறது, வாசனை வேறு.

சவரிமுத்துவைச் சாய்த்து உட்காரவைத்தோம். கன்னத்துச் சதையை மேரி பிய்த்து ஊட்டினாள். ஒரு வாய். இன்னொன்று. இன்னொன்றும். "உப்பு பத்தல" என்றான். மேரி அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள்.

"டேய், ஆத்துல என் பேரையும் சொல்லிட்டு வந்துட்டியா?"
"போடா."

அந்தக் காலத்தில் படகில் கூட வந்தவர்களில் இன்று நான் பேர் சொல்லாமல் விட்டது ஒருவனை. சவரிமுத்து.