பிள்ளையாரடியில் ஒரு சாக்சனி வெள்ளி

ஓகஸ்ட் 18, திங்கள்

பிள்ளையார் கோயில் தேர் வருகிறதென்று என் மனைவி கோசலை பூசைச் சாமானெல்லாம் திருநீறு போட்டுத் தேய்த்துவிட்டாள். கூடவே என் தாலரையும்! 1537இல் அச்சடித்த சாக்சனி வெள்ளி நாணயம். கிட்டத்தட்ட ஐந்நூறு வருடத்துக் கறுப்பு அதில் இருந்தது. சேர்ப்பவனுக்கு அந்தக் கறுப்புத்தான் உயிர். இப்போது புதுக் குங்குமச்சிமிழ் மாதிரி மினுங்குகிறது. நாணயச் சங்கக் கண்காட்சியில் இரண்டு வருடம் காத்திருந்து வாங்கிய இடம் — இனி எதை வைப்பேன்?

"கறுத்துக் கிடந்துது, தேய்ச்சன். அதுக்கேன் இந்தக் கத்தல்?"

கத்தினேன்தான். மேல்வீட்டுக்காரன் தரையில் தட்டுமளவுக்கு.

ஓகஸ்ட் 19

பேச்சில்லை. மேசையில் சோறு இருந்தது, அவள் இல்லை.

ஓகஸ்ட் 20

மரக்கறிக்காரன் தனோஜனின் கடையில் போய் அவளைக் குறை சொல்லித் தீர்த்தேன். வெண்டிக்காயை நிறுத்துக்கொண்டே கேட்டான்: "அதை ஆர் அண்ணை பூசைத் தட்டிலை வைச்சது?"

கள்ளருக்குப் பயந்து நான்தான் ஒளித்து வைத்தேன். அவளிடம் சொல்லவுமில்லை. இவனுக்கு ஏன் இந்தக் கேள்வி?

ஓகஸ்ட் 21

நாணயத்தின் ஒரு பக்கம் சாக்சனியில் ஒரு பாதியை ஆண்ட யோகான் பிரெடெரிக், போப்பை எதிர்த்த லூதரின் ஆள். மறுபக்கம் மறுபாதியை ஆண்ட, அவனுக்குச் சித்தப்பன் முறையான கியோர்க், போப்பாண்டவரின் ஆள். சமயத்தில் கீரியும் பாம்பும். ஆனால் வெள்ளிச் சுரங்கம் பொது, அதனால் ஒரே காசில் இருவரும். எங்கள் வீட்டிலும் சமையலறை பொது.

ஓகஸ்ட் 23, சனி

சங்கக் கூட்டம். கோசலை கேட்காமலே சேலை உடுத்திக்கொண்டு வாசலில் நின்றாள். பழியைத் தானே ஏற்கப் போகிறாள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. மெத்ரோ ரயிலில் ஆளுக்கொரு கதவோரம் நின்றோம்.

செயலாளர் யானிக், புதுச்சேரிக்காரர், தாலரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "அய்யோ, யாருங்க இதைத் தேய்ச்சது? இதைக் கண்காட்சியில வைக்க முடியாதே!"

அவள் வாயைத் திறந்தாள். நான் முந்திவிட்டேன். "நான்தான்."

இடம் வேறொருவருக்குப் போயிற்று. மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ நிலையப் படிகளில் அவள் சொன்னாள்: "பொய்யை எண்டாலும் கொஞ்சம் வடிவாச் சொல்லுங்கோவன்."

முழுப் பொய்யில்லை என்று, ஒளித்து வைத்த கதையைச் சொன்னேன். வீடு வரைக்கும் ஏச்சு. ஐந்து நாளைக்குப் பிறகு அவள் குரல்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

தேர். கற்பூரச்சட்டி எடுக்கவென்று கோசலை விடியவே கோயில் இருக்கும் ரூ பஜோல் வீதிக்குப் போய்விட்டாள்.

தாலர் இப்போது வீட்டுப் பிள்ளையாரடியில். தினமும் காலையில் அவள் அதை முகம் மாற்றித் திருப்பி வைப்பாள். "ஒரு நாள் அவர், ஒரு நாள் இவர். ஒருத்தருக்கும் மனக்குறை இருக்கப்படாது."

இன்று அவசரத்தில் மறந்துவிட்டாள். நான் திருப்பி வைத்தேன்.